ஓடாவி கொடுக்க வேண்டிய ஆறு கதிரைகள்

தச்சு வேலை செய்த என் கணவர் ஹனீபா ஓடாவியின் உடலை வீட்டிலிருந்து தூக்குவதற்குச் சற்று முன், அவருடைய தம்பி கரீம் முன்வாசலில் நின்று சத்தமாகச் சொன்னதை நான் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கட காக்கா யாருக்காச்சும் ஏதாச்சும் குடுக்க வேண்டி இருந்தா இப்பவே சொல்லுங்க. அதுக்கு நான் பொறுப்பு. இல்லாட்டி அல்லாஹ்வுக்காக மாப்பு செய்ங்க."

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். மய்யித்து வீட்டை விட்டுப் போகும் முன் கடன்களைக் கேட்டுவிட வேண்டும். கடனோடு போனவரின் ரூஹ், அவருடைய ஆன்மா, அந்தக் கடன் கழியும்வரை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கிக்கொண்டு நிற்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்பது கட்டாயம். பதில் சொல்வதுதான் அபூர்வம். கடன் கொடுத்தவன்கூட அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான், பிறகு வீட்டுக்கு வந்து மெதுவாகக் கதைப்பான்.

அன்றும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்த நேரம் வேலிப்பக்கம் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"எனக்கு ஆறு கதிரை தரணும்."

பக்கத்து வீட்டு ரிஸ்லா. எட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றிருக்கிறாள். யாரோ சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினார்கள். அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கை பரீனா, "வாயப் பொத்துடி" என்று பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

"ஓடாவி மாமா தாறன் எண்டு சொன்ன. ஆறு" என்றாள் மறுபடியும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடக்கம் செய்ய மையவாடிக்குப் போக வேண்டும். கரீம் அந்தப் பிள்ளையைச் சமாளிக்க ஒரு சொல் சொன்னான்.

"சரி மவள், தருவம்."

அவ்வளவுதான். தூக்கிவிட்டார்கள்.

அந்த ஒரு சொல்

கரீம் நல்லவன். ஆனால் யோசிக்காமல் வாயைத் திறப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. "பிறகு பார்ப்பம்" என்று சொல்லியிருக்கலாம். "விளையாடாத" என்று அதட்டியிருக்கலாம். ஊர் ஜமாஅத் முழுவதும் நிற்க, மய்யித்து பக்கத்தில் இருக்க, பொறுப்பு எடுத்துக்கொண்ட வாயாலேயே "தருவம்" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் கொழும்புக்கு, தன் கடைக்குப் போய்விட்டான்.

நான் எங்கேயும் போக முடியாது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. முன்னறைக் கதவில் ஒரு திரை கட்டி, வெள்ளைச் சேலையைக் கொடுத்து, என்னை அதற்குப் பின்னால் இருத்திவிட்டார்கள்.

அழுது முடிந்த ஒரு மத்தியானம், அந்தக் கதிரைகள் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டன. மற்றக் கடன் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. இந்த ஒன்றுக்காக மனிதர் தொங்கிக்கொண்டு நிற்கிறாரே. முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் படுத்த மனிதர். நெஞ்சு வலி என்று சொல்லிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனவர். ஒரு வாய்த் தண்ணீர் நான் கொடுக்கவில்லை. இதையாவது செய்ய வேண்டாமா?

உம்மாவுக்கு இருக்க

கதிரைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ரிஸ்லாவின் உம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவள். வாப்பா நியாஸ், மீன் லொறி ஓட்டுபவன், சிலாபத்தில் வேறு கலியாணம் முடித்துவிட்டான். பிள்ளையைச் சாச்சியிடம் விட்டுவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். பரீனா வீட்டில் சிக்னல் கிடைப்பதில்லை, எங்கள் முருங்கை மரத்தடியில்தான் கிடைக்கும். அதனால் உம்மாவும் மகளும் கதைப்பது முழுவதும் எங்கள் காதில் விழும்.

ஒரு நாள் அந்தப் பெண் தான் வேலை செய்யும் வீட்டைப் பற்றிச் சொன்னாள். பெரிய மேசையாம். சுற்றிவரக் கதிரையாம். ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் இழுத்துத் துடைத்துத் திரும்பத் தள்ளி வைக்க வேண்டுமாம்.

"நீங்க எதுல இருக்கிற உம்மா?" என்று பிள்ளை கேட்டது.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. போனை வைத்ததும் ரிஸ்லா நேரே பின்னால் இருந்த பட்டறைக்குப் போனாள். என் கணவர் ஒரு கதவுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, உம்மாக்கு இருக்க ஒரு கதிரையும் இல்லயாம். ஒரு வீடு செஞ்சு தாங்க. கதிரையும் வேணும்."

மனிதர் சிரிக்கவில்லை. அவரிடம் இருந்த நல்ல குணம் அது, சின்னப் பிள்ளைகளின் கதைக்குச் சிரிக்க மாட்டார். "எத்தின கதிரை?" என்று கேட்டார். ஆறு என்றாள் அவள். ஏன் ஆறு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழப் பெட்டிப் பலகையில் வீடு ஒன்று செய்தார். இரண்டு அறை, ஒரு குசினி, திறந்து மூடும் கதவு. அது ஒரு கிழமை வேலை. கதிரைதான் இழுபட்டது. காரணம், மனிதருடைய பிடிவாதம். வீட்டுக்கு ஆணி அடித்தவர் கதிரைக்கு ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம் என்றார். பெரிய கதிரை எப்படிச் செய்வாரோ அப்படியே, காலில் துளை போட்டு, குறுக்குக் கட்டையின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, துளைக்குள் இறுக்கி ஏற்ற வேண்டும். கதிரையோ என் நடுவிரல் உயரம். துளை அரிசி மணி அளவு.

"பொம்மைக் கதிரைக்கு என்னத்துக்கு இவ்வளவு பாடு? ஒட்டிக் குடுங்களேன்" என்றேன்.

"மழைக்குப் பசை விடும். ஒருத்தி இருக்கப்போற கதிரை. கழலக்கூடாது."

அந்தத் துளைக்கு ஏற்ற உளி கடையில் இல்லை. பழைய குடைக்கம்பியைத் தட்டித் தட்டையாக்கி, கல்லில் தீட்டி ஒன்று செய்தார். தீட்டியவள் நான்தான். எங்கள் வீட்டில் உளி, வாள், சீவுளி எல்லாவற்றுக்கும் கூர் வைப்பது கலியாணம் முடித்த நாளிலிருந்து என் வேலை. வெட்டுவது அவர் வேலை. பூவரசங்கட்டையில் கால்களை மட்டும் வெட்டிச் சீலைத் துண்டில் கட்டி வைத்தார். அதோடு அவருடைய நாள் முடிந்துவிட்டது.

பாயில் இருந்த ஆட்கள்

இதை வாசிக்கிற சிலருக்கு, ஒரு கதிரைக்கு இவ்வளவு கதையா என்று தோன்றும். கதிரை இல்லாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

தொண்ணூறில் வடக்கில் இருந்த முஸ்லிம்களை விரட்டியதில் மன்னாரை விட்டு வெளியேறி இந்தக் கரைக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது தென்னங்கிடுகால் அடைத்த ஒரு கொட்டில். பாயில் படுத்தோம், பாயில் தின்றோம், பாயில் பிள்ளை பெற்றார்கள், பாயில் மௌத்தானார்கள். அகதி முகாமில் கதிரை என்ற பொருளே கிடையாது. விசாரிக்க யாராவது வந்தால் மட்டும் பள்ளிவாசலில் இருந்து இரண்டு கதிரை தூக்கி வருவார்கள். வந்தவர் அதில் இருப்பார். நாங்கள் முன்னால் நின்றுகொண்டு பெயர் சொல்வோம், எத்தனை பேர் என்று சொல்வோம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்வோம். அவர் எழுந்து போனதும் கதிரையும் போய்விடும்.

அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் தரிக்கவில்லை. அந்த நாட்களில் மண்ணில் இருந்து எழும்ப எனக்கு முடியாமல் இருந்தது. மனிதர் மீன் பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி வந்து ஒரு கதிரை செய்தார். கையில் இருந்ததே ஒரு உளியும் ஒரு கல்லும்தான். ஆணி வாங்க வழியில்லை, துளையும் நாக்கும் போட்டே ஏற்றினார். கருவாட்டு நாற்றம் போகவே இல்லை. ஆனால் அதில் இருந்தபோது எனக்கு இடுப்பு மட்டுமல்ல, மனமும் நிமிர்ந்தது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய எத்தனையோ கதைகளைச் சொல்லவில்லை, சண்டை பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அடியில் துளை இல்லை

முதலில் கரீமுக்குப் போன் எடுத்தேன். "அந்தக் கதிரைக் கதையை என்ன செய்யப் போறாய்?"

"என்ன மதினி, அது சின்னப் புள்ளட கதை."

"நீ ஜமாஅத்துக்கு முன்னால தருவம் எண்டாய்."

அவனுக்கும் பயம் பிடித்திருக்க வேண்டும். அடுத்த கிழமையே ஒரு பார்சல் வந்தது. பிளாஸ்டிக் பொம்மைக் கதிரைகள், ரோசா நிறம், பளபளவென்று. ரிஸ்லாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றை எடுத்தாள். உட்காரும் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"துளை இல்ல மாமி. இது ஓடாவி மாமாட இல்ல."

"எல்லாம் கதிரைதானே புள்ள."

"மாமா சொன்ன, துளையும் நாக்கும் போட்டுத் தாறன் எண்டு."

பார்சலை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டாள். கடன்காரியிடம் நிற்பது போல நான் அந்தப் பிள்ளையின் முன்னால் நின்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன கொழுப்பு இதுக்கு என்று நினைத்தேன்.

மௌலவியின் மனைவி என்னைப் பார்க்க வரும்போது, அவர் மூலமாகக் கேட்டு அனுப்பினேன். மௌலவி சொல்லி அனுப்பிய பதில் இது. கொடுத்தது வாக்கு, அதைக் கடன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜனாஸாவில் பிள்ளை கேட்டு, வீட்டார் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளை மாப்பு செய்தாலும் அது செல்லாது. சொன்ன பொருளைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், இல்லையென்றால் வாப்பாவின் கையில் கொடுங்கள். மனம் அமைதியாகும்.

அமைதி வேண்டுமென்றால் கதிரை வேண்டும். கதிரை செய்ய ஓடாவி வேண்டும். அந்நிய ஆணை நான் வீட்டுக்குள் கூப்பிடவும் முடியாது, அரிசி மணித் துளை போட இந்தப் பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. சீலைத் துண்டை அவிழ்த்துக் கால்களை மடியில் போட்டேன்.

இத்தாவில் உளிச் சத்தம்

முதல் நாலு கால்களையும் பிளந்தேன். கூர் வைக்கத் தெரிந்த கைக்குக் குத்தத் தெரியவில்லை. உளி வழுக்கி இடது கைப் பெருவிரலுக்குள் போனது. வெள்ளைச் சேலையில் இரத்தம். மனிதரைத் திட்டினேன். மௌத்தானவரைத் திட்டக்கூடாது என்பது தெரியும். திட்டினேன்.

கால்களை மறுபடியும் வெட்டினேன். அவர் மீதி வைத்த பூவரசங்கட்டை நிறைய இருந்தது. துளை ஒரு மாதிரி வரத் தொடங்கிய பிறகு அடுத்த கரைச்சல். நாக்கைச் செதுக்கி ஏற்றினால் அன்றைக்கு இறுக்கமாக நிற்கும், மூன்று நாளில் ஆடும். கச்சான் காற்றுக் காலம். ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற காற்று, எங்கள் வீட்டுக்குள் வந்து மரத்தின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போனது.

கச்சானில் அவர் என்ன செய்வார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் கடலை வறுக்க மணலைச் சட்டியில் போட்டபோது ஞாபகம் வந்தது. என் வறுத்த மணலைக் கேட்டு வாங்கிப் போவார். நான் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பேன், எதற்கென்று கேட்டதில்லை. அன்றைக்கு நாலைந்து குறுக்குக் கட்டைகளின் நுனியைச் சூட்டு மணலில் குத்தி வைத்தேன். காய்ந்து மெலிந்த நாக்கைக் கொஞ்சம் ஈரம் இருக்கிற காலின் துளைக்குள் தட்டினேன். அடுத்த நாள் அது காலின் ஈரத்தைக் குடித்து ஊதி, இழுத்தாலும் வராமல் பிடித்துக்கொண்டது.

நான் அழுதேன். கதிரை நின்றதற்கு அழுதேனா, இவ்வளவு நாளும் கேட்காமல் மணலைக் கொடுத்ததற்கு அழுதேனா, எனக்கே தெரியாது.

ஊர் சும்மா இருக்குமா? ஹாஜரா இத்தாவில் தச்சு வேலை செய்கிறாள் என்று கதை கிளம்பியது. மௌத்து வீட்டில் டொக் டொக் என்று சத்தம் கேட்கிறதாம். புருசன் போன துக்கம் இல்லையாம். பரீனாதான் வந்து சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ற ஆக்கள ஒரு கதிரை செஞ்சு தரச் சொல்லு" என்றேன். "இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு ஓதச் சொல்லு."

கடன்காரியின் வருகை

பள்ளிக்கூடம் விட்டதும் ரிஸ்லா வருவாள். உதவி செய்ய இல்லை. மேற்பார்வைக்கு. செய்த கதிரையை மேசையில் வைத்து விரல் நுனியால் தட்டிப் பார்ப்பாள். ஆடினால் ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்துவாள். ஆடாவிட்டால் பால்மா டின்னுக்குள் போடுவாள். சம்மதத்துக்கு "ஓம்" என்று ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. என் கணவரின் வேலையை எந்த வீட்டுக்காரனும் இவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் முருங்கை மரத்தடியில் போனை வைத்துக்கொண்டு நிற்பாள். அது அடிப்பதில்லை. என் கணவர் உயிரோடு இருந்த கடைசி மாதத்திலேயே அழைப்புகள் நின்றுபோயிருந்தன. ரிஸ்லாவின் உம்மாவை அனுப்பிய முகவரிடம் பரீனா போய்க் கேட்டாள். அவள் அந்த வீட்டை விட்டு ஓடிவிட்டாள், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓடினாளா, விழுந்தாளா, அடைத்து வைத்திருக்கிறார்களா, ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அனுப்பும் காசு நின்றதும் பரீனாவின் முகம் மாறியது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். புருசனுக்கு உப்பளத்தில் கூலி வேலை, மழை பெய்தால் அதுவும் இல்லை, சொந்தப் பிள்ளைகள் மூன்று. ஒரு நாள் நியாஸுக்குப் போன் எடுத்து, உன் பிள்ளையை வந்து கூட்டிப் போ என்று சொல்லிவிட்டாள்.

ஐந்து கதிரை டின்னுக்குள் இருந்தது. ஆறாவதுக்குக் கால் பூட்டிக்கொண்டிருந்தேன்.

திரைக்கு இந்தப் பக்கம்

என் இத்தா முடியச் சில நாள் இருக்கும்போது லொறி வந்தது. காலை நேரம். ஐஸும் மீனும் கலந்த வாடை வாசல் தாண்டி உள்ளே வந்தது. வீட்டை, அதாவது பழப் பெட்டி வீட்டை, லொறியின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ரிஸ்லா ஒரு கையில் உடுப்புப் பையும் மறு கையில் பால்மா டின்னுமாக உள்ளே வந்தாள்.

ஆறாவது கதிரையை முந்தின நாள்தான் முடித்திருந்தேன். எல்லாவற்றிலும் இதுதான் நன்றாக வந்தது. அவள் வாங்கி மேசையில் வைத்துத் தட்டினாள். ஆடவில்லை.

"ஓம்" என்றாள். பிறகு அதை எடுத்து என் மடியில் வைத்தாள். "இது இங்க இருக்கட்டும் மாமி."

"என்னத்துக்கு? ஆறும் உன்டதானே."

"இது உம்மாட. உம்மா வந்தா இங்கதான் வருவா. சிலாபத்து வீடு உம்மாக்குத் தெரியாது."

ஆனாலும் என் கவலை என் கவலைதான். மனிதர் தொங்கிக்கொண்டு நிற்கிறார். கடைசிக் கதிரை. இதையும் கொடுத்தால் முடிந்தது. அதனால் ஒரு வழி சொன்னேன்.

"சரி, இங்கயே இருக்கட்டும். ஆனா நீ முதல்ல என்ட கையில இருந்து வாங்கிக்கொள். வாங்கிட்டு, பாதுகாத்துத் தரச் சொல்லி அமானிதமாத் திருப்பி என்கிட்ட வை. அப்ப மாமாட கடனும் முடியும், கதிரையும் பத்திரமா இருக்கும். வெளங்குதா?"

அவள் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"உம்மாட காதுத்தோடையும் சாச்சிகிட்ட அமானிதமாத்தான் குடுத்த. அது இப்ப இல்ல."

அந்தத் தோடு அடகு பிடிக்கும் அடைவுக் கடைக்குப் போனது எனக்கும் தெரியும்.

"அமானிதம் எண்டா மறந்திடுவாங்க மாமி. கடன் எண்டா மறக்க மாட்டாங்க. நீங்க கை வெட்டிக்கொண்டும் செஞ்ச."

அந்த ஜனாஸா நாளில் பெரியவர்களிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது இதுதான். கடன் இருக்கிற இடத்தில் ஆட்கள் நம்மை ஞாபகம் வைத்திருப்பார்கள். எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு இது தெரிய வேண்டியதில்லை. தெரிய வைத்தவர்கள் நாங்கள் எல்லோரும்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் நியாஸ் வந்து நின்றான். திரைக்குக் கீழே அவனுடைய செருப்பு தெரிந்தது, மீன் செதில் ஒட்டிக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"ராத்தா, என்கிட்டத் தாங்க" என்றான். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. "நான் வாப்பா. என்ட கையில தந்தாச் சரி எண்டு மௌலவியும் சொன்னவராம், பரீனா சொன்ன. உங்களுக்கும் நிம்மதி. அது சின்னப் புள்ள, ரெண்டு நாள்ல மறந்திடும்."

திரையின் ஓரத்தால் அவனுடைய உள்ளங்கை உள்ளே நீண்டது. ஐஸ் பிடித்துப் பிடித்து வெளிறிய கை.

நான் கதிரையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். கொடுக்கத்தான் எழும்பினேன், பொய் சொல்லவில்லை. மாதக்கணக்காக ஒவ்வொரு தொழுகையிலும் நான் கேட்டது இந்த நிமிடத்தைத்தான். அந்தக் கையில் இதை வைத்துவிட்டால் என் மனிதர் போய்ச் சேர்ந்துவிடுவார். என் கதிரை அந்த உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

ரிஸ்லா அழவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அகதி முகாமில் கதிரையில் இருந்தவர்களின் முகத்தை நாங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"இல்ல நியாஸ். புள்ள கேட்டு வரக்கொள்ள அவட கையிலதான் குடுப்பன்."

"அப்ப ஓடாவிக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் கதிரையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ரிஸ்லா என் சேலைத் தலைப்பை ஒரு தரம் பிடித்து இழுத்தாள், ஏதோ சரிபார்ப்பது போல. பிறகு திரையை விலக்கிக்கொண்டு போனாள். லொறி மதுரங்குளிப் பக்கம் திரும்பும்வரை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தா முடிந்த நாளில் மௌலவியின் மனைவியும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். குளித்து, வெள்ளையைக் கழற்றி வேறு உடுத்தினேன். யாசீன் ஓதி துஆ கேட்டார்கள். போகும்போது மௌலவியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடாவிட கடன் எல்லாம் முடிஞ்சுதா ராத்தா?"

"இல்ல. ஒண்டு இருக்கு."

"கெதியாக் குடுத்திருங்க. பாவம் மனுசன், அங்க காத்துக்கொண்டு இருப்பாரு."

"ஓம், இருப்பாரு" என்றேன். "இருக்கட்டும்."